'கம் அகைன்': வேலூர் லாட்ஜ் ரிசப்ஷனில் ஏழு மாத ஆங்கிலம்

அவர் என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்ததற்குக் காரணம் ஒரு சாவு.

வேலூரில் மருத்துவமனையை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் சின்ன லாட்ஜில் ரிசப்ஷன் பார்க்கும் பெண் அவர். வயது 39. ஒருநாள் விடியற்காலை, பதினோரு நாளாகத் தங்கியிருந்த வடகிழக்கு மாநிலக் குடும்பத்துப் பையன் கீழே இறங்கி வந்து சாவியை மேசைமேல் வைத்தான். "மை மதர் பாஸ்ட் அவே லாஸ்ட் நைட். வி ஆர் லீவிங்" என்றான். மதர் இவருக்குத் தெரியும். லீவிங் தெரியும். பாஸும் தெரியும்: பரீட்சையில் பாஸ், பஸ் பாஸ். அம்மாவுக்கு ஏதோ டெஸ்ட் நல்லபடியாக முடிந்து ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். பில்லை நீட்டினார். சிரித்த முகத்தோடு, கிளம்புகிற எல்லாரிடமும் சொல்வதையே சொன்னார்: "ஓகே சார், தேங்க்யூ, கம் அகைன்."

பையன் ஒன்றும் பேசாமல் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனான். அரைமணி நேரம் கழித்து ரூம் பையன் சொல்லித்தான் அந்த அம்மா இறந்துபோன விஷயம் தெரிந்தது.

"சாவு வீட்டுல இருந்து கிளம்பும்போது போயிட்டு வர்றேன்னுகூட சொல்லாம எழுந்து வர்றவங்க டீச்சர் நாம. நான் அந்தப் புள்ளயப் பாத்து மறுபடி வாங்கன்னு சொல்லிட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அரசுப் பள்ளியில் முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மார்க் வேண்டும், வேலை வேண்டும், வெளிநாடு போக வேண்டும் என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். ஒரு துக்கத்துக்குத் தக்க சொல் தெரியவில்லையே என்று வந்தவர் இவர் ஒருவர்தான். அதன் பிறகு ஏழு மாதம், வாரத்தில் நான்கு நாள், அவர் ஷிப்ட் முடிந்ததும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அவருடைய சம்மதத்தோடு அதை இங்கே எழுதுகிறேன். தன் பெயரும் லாட்ஜ் பெயரும் வேண்டாம் என்றார்.

தொடங்கும்போது இருந்த நிலை

1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்த தெருக்கள் இவை. ஹவுரா பக்கமிருந்தும் கவுகாத்தி பக்கமிருந்தும் வரும் ரயில்கள் காட்பாடியில் நிற்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று நோயாளிகள் வந்து இறங்குவார்கள். கடைப் பலகைகளில் வங்காள எழுத்து சாதாரணம். விடுதிக்காரர்களில் பலர் இந்தி பழகிவிட்டார்கள். இவருக்கு இந்தி வராது. வரும் மிசோ, நாகா குடும்பங்களில் பலருக்கும் இந்தி அவ்வளவாக வராது. அதனால் இரண்டு பக்கமும் சந்திக்கிற இடம் ஆங்கிலம்தான், அதுவும் இரண்டு பக்கத்துக்கும் தாய்மொழியாக இல்லாத ஆங்கிலம்.

பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். ஆங்கிலப் பாடத்தில் கட்டுரைகளை மனப்பாடம் செய்து தேறியிருக்கிறார். எழுத்துக்கூட்டி வாசிப்பார். முதல் வாரம் சோதித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம்: தனிச் சொற்களாகக் கேட்டால் ஏகப்பட்டது தெரிந்து வைத்திருந்தார். டிவி, மருந்துச் சீட்டு, செல்போன், விளம்பரம் என்று எங்கெங்கிருந்தோ சேர்ந்தவை. அப்படியிருந்தும் மேசைக்கு முன்னால் ஒரு ஆள் வந்து வாயைத் திறந்தால் எதுவும் கைகொடுக்கவில்லை.

நான் செய்த தவறு

முதல் இரண்டு மாதத்தை நான் வீணடித்தேன். பள்ளியில் பழகின கை. பழைய சொற்பட்டியல் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து, நாளைக்குப் பத்துச் சொல், பக்கத்தில் தமிழ்ப் பொருள், மறுநாள் ஒப்பிக்க வேண்டும் என்று வைத்தேன். அவர் ஒருநாளும் தவறாமல் ஒப்பித்தார். அவைலபிள் என்றால் கிடைக்கும். ரிக்வெஸ்ட் என்றால் வேண்டுகோள். டிலே என்றால் தாமதம். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் சொல்வார், திருப்பிக் கேட்டாலும் சொல்வார். ரிசப்ஷனில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

எங்கே கோளாறு என்று பட்டியலையே திரும்ப எடுத்துப் பார்த்தேன். அது 1953-இல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட, சுமார் 2000 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்து இறங்கி வந்தது. வெஸ்ட் டாக்காவில் கல்வித்துறையில் இருந்தவர், வங்காளப் பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்பு எப்படி வரும் என்று ஆராய்ந்தவர். அவருடைய மூலப் பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பொருள் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று தனித்தனியே கணக்கு இருக்கும். கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்த ஜெராக்ஸில் அந்தக் கணக்கெல்லாம் உதிர்ந்து, ஒரு சொல் ஒரு பொருள் என்று ஆகிவிட்டிருந்தது. 'பாஸ்' என்றால் தேர்ச்சி. அவ்வளவுதான். அவரை அந்த விடியற்காலையில் கைவிட்ட அதே மாதிரிப் பட்டியலை நான் இன்னும் நீளமாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சொல் எவ்வளவு சின்னதோ, எவ்வளவு அடிக்கடி வருமோ, அவ்வளவுக்கு அதன் பொருள் பெருகும். 1930-இல் சி.கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 850 சொற்களில் ஆங்கிலத்தை அடக்கிக் காட்டினார். அதில் வினைச்சொல் வெறும் 18. கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் வினைகளைக் குறைத்ததால், இருக்கிற கிவ், புட், கெட், டேக் போன்றவற்றோடு அப், ஆஃப், ஓவர், அவே எல்லாம் சேர்ந்து அந்தச் சுமையைத் தூக்க வேண்டியதாயிற்று. கிவ் தெரியும், அப் தெரியும் என்பதால் 'கிவ் அப்' விளங்கிவிடாது. பாஸ் தெரியும், அவே தெரியும் என்பதால் 'பாஸ்ட் அவே' விளங்காததைப் போலத்தான்.

கேள்விக்குறி நோட்டு

மூன்றாவது மாதம் பட்டியலை நிறுத்தினோம். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்து, ரிஜிஸ்டர் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். வருகிறவர்கள் சொல்வதைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். புரிந்ததா புரியவில்லையா என்பது பிறகு. புரியாத வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மாலையில் திண்ணையில் அதைப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் வார நோட்டில் இருந்து சில வரிகள், அவர் எழுதியிருந்தபடியே:

"வாட்டைமிஸ் செக்கவுட்."
"கேனை பே டுமாரோ?"
"குட்ஜு கெட்டஸ் எ வீல்சேர்?"
"பிளீஸ் லெட்டஸ் நோ?"

கடைசி வரியில் அரை மணி நேரம் நின்றோம். பக்கத்து மருந்துக் கடையிலிருந்து ஒரு பார்சல் வர வேண்டியிருந்திருக்கிறது. தங்கியிருந்த பெண், வந்ததும் லெட்டஸ் நோ என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போயிருக்கிறார். நோ என்றால் வேண்டாம், இல்லை. ஆகவே பார்சல் வேண்டாம் என்கிறார் என்று இவர் முடிவு கட்டி, பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் இரண்டு சொல்லையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டினேன். ஒன்றில் வாயில் வராத கே முன்னால் நிற்கிறது. பார்சல் வந்ததும் எங்களுக்குச் சொல்லுங்கள் என்றுதான் அந்தப் பெண் கேட்டிருக்கிறார். "அந்த நோவா இது?" என்று கேட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதிக் காட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும் டீச்சர். 'ஐ நோ' எனக்குத் தெரியுமே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய ஆங்கிலம் முழுக்கக் கண்ணில் இருந்தது. காதில் இல்லை. சொற்களைத் தனித்தனியாக, நடுவில் இடைவெளி விட்டு அச்சடித்தே பார்த்திருக்கிறார். பேச்சில் அந்த இடைவெளி கிடையாது. தமிழிலும் நாம் அப்படித்தானே பேசுகிறோம்? 'வந்து இருக்கிறேன்' என்று எழுத்தில் பிரிப்பதை 'வந்திருக்கேன்' என்று ஒட்டித்தான் சொல்கிறோம். இதைச் சொன்னதும் அவருக்குப் பாதி பயம் போய்விட்டது. ஆங்கிலக்காரர்கள் வேகமாகப் பேசுகிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தார்.

தமிழ் எழுத்தில் எழுதுவதில் ஒரு சிக்கல் இருந்தது. கட்டண பில்லும் மாத்திரை பில்லும் தமிழில் ஒரே பில். குட் மார்னிங்கில் வரும் குட்டும் 'குட் யூ'வில் வரும் குட்டும் ஒரே குட். மருத்துவமனைப் பக்கத்து லாட்ஜில் பில் எது என்பது சின்ன விஷயமில்லை. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்ப்பார். எழுத்து தொடங்கும்போதே அதிர்ந்தால் அடியில் ஒரு கோடு. கட்டணத்துக்குக் கோடு உண்டு, மாத்திரைக்குக் கிடையாது. ஒலியியல் வகுப்பில் பக்கம் பக்கமாக நடத்துகிற பாடம் இது. வங்காளிகள் சொல்லும்போது இன்னொன்றும் கவனித்தார்: அவர்களிடம் வி ஒலி பி மாதிரியே விழும். 'பிசா' என்று ஒருவர் கேட்டபோது, சாப்பிடும் பீட்சா இல்லை, விசா என்று பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இல்லை. பெருமையோடு காட்டினார்.

ஒரு மாத நோட்டைத் தொகுத்துப் பார்த்தபோது, திரும்பத் திரும்ப வந்தவை சுமார் அறுபது எழுபது வாக்கியங்கள்தான். ரூம், வெந்நீர், பில், நேரம், வீல்சேர், ஆட்டோ, எந்த வாசல் வழியாகப் போவது, கஞ்சி எங்கே கிடைக்கும், மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டும், விடியற்காலை எழுப்பிவிட முடியுமா. அவருடைய வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் அந்த நாற்பது பக்கத்துக்குள் இருந்தது.

சாவித் தட்டில் அட்டைகள்

மறதிக்கு என்ன செய்வது? 1885-இல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து காட்டினார். படித்த உடனேதான் மறதி வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் அதற்குத் தோதாக அட்டைப் பெட்டி முறையை எழுதினார். எங்களுக்குப் பெட்டி தேவைப்படவில்லை. ரிசப்ஷனுக்குப் பின்னால் சாவி போடும் மரத்தட்டில் ஐந்து அறைகள் காலியாகக் கிடந்தன.

தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை அட்டையில் ஒட்டி நறுக்கினார். ஒரு பக்கம் தமிழில் ஒரு சூழ்நிலை: 'தண்ணி வரலன்னு சொல்றாங்க. ஆளை அனுப்புறேன்னு சொல்லணும்.' மறுபக்கம் முழு வாக்கியம்: 'ஐ வில் செண்ட் சம்ஒன் ரைட் அவே.' தனிச் சொல்லுக்கு அட்டை கிடையாது என்பதில் கண்டிப்பாக இருந்தோம். முதல் அறை தினமும், இரண்டாவது ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஐந்தாவது மாதக் கடைசியில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு, தடுமாறினால் மறுபடி முதல் அறைக்கு. மத்தியானம் இரண்டு மணிக்கு லாட்ஜ் அடங்கும்போது பத்து நிமிடம் போதும்.

'-ங்க' எங்கே போகிறது

நான்காவது மாதம் ஒரு புகார் வந்தது. இவர் அதட்டிப் பேசுகிறார் என்று ஒரு பெரியவர் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். இவர் அதட்டுகிற ஆளே இல்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"'கிவ் ஆதார். சைன் ஹியர்.' வேற ஒண்ணும் சொல்லல டீச்சர்."

தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. 'ஆதார் குடுங்க, இங்க கையெழுத்துப் போடுங்க' என்றால் போதும், பிளீஸ் என்று தனியாக ஒரு சொல் வேண்டியதில்லை. அதனால் ஆங்கிலத்தில் பேசும்போதும் தான் மரியாதையாகவே பேசுவதாக அவர் மனதில் இருந்தது. அவர் காதில் அந்த '-ங்க' ஒலித்தது, பெரியவர் காதில் ஒலிக்கவில்லை. ஆங்கிலத்தில் '-ங்க' வாக்கியத்தின் தலைக்கு வந்து உட்காரும் என்று சொன்னேன். 'மே ஐ சீ யுவர் ஆதார்?' 'குட் யூ சைன் ஹியர், பிளீஸ்?' வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்டே ஆக வேண்டும். கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நோயாளியோடு இரண்டு நாள் ரயிலில் வந்தவரிடம் கேட்கிறோம்.

"அப்போ 'மே ஐ'தான் அவங்களோட 'ங்க'வா?" என்றார். மொத்த ஏழு மாதத்தில் இலக்கணம் என்று நாங்கள் பேசியது பெரும்பாலும் இதுதான். காலங்கள் அட்டவணையை நான் எடுக்கவே இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆபரேஷன் முடிந்து இது எத்தனாவது நாள் என்று கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்றார். ஆங்கிலத்தில் 'எத்தனாவது' என்ற சொல்லே கிடையாது, சுற்றி வளைத்து 'ஹவ் மெனி டேஸ் சின்ஸ் த ஆபரேஷன்?' என்றுதான் கேட்க வேண்டும் என்றேன். நம்மிடம் இருக்கும் ஒரு சொல் அவர்களிடம் இல்லை என்பது அவருக்கு என்ன தெம்பு கொடுத்தது என்பதை நேரில் பார்த்தவள் நான். ஆங்கிலம் கற்க வருகிறவர்கள் தங்கள் மொழியை ஓட்டைப் பாத்திரமாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த நினைப்பே பாதி நாக்கைக் கட்டிவிடுகிறது.

திருத்தாமல் விட்டவை

'வாட் இஸ் யுவர் குட் நேம்' என்று கேட்பார். பாடப்புத்தகப்படி தவறு. ஆனால் வங்காளிகளுக்கு வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, 'பாலோ நாம்' என்கிற நல்ல பெயர் இன்னொன்று. ரிஜிஸ்டரில் எழுத வேண்டியது அந்த நல்ல பெயர்தான். கேட்டால் சட்டென்று சொல்கிறார்கள். நான் ஏன் திருத்த வேண்டும்? 'ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்' என்றால் இந்தியாவில் எல்லாருக்கும் புரியும். அதையும் விட்டேன். லண்டன் உச்சரிப்பும் தேடவில்லை. இந்த லாட்ஜுக்கு ஐஸ்வாலிலிருந்தும் சிட்டகாங்கிலிருந்தும்தான் ஆட்கள் வருகிறார்கள்.

'கம் அகைன்' மட்டும் விட முடியாது. 'போயிட்டு வாங்க' என்பதன் நேர் மாற்று அது. போ என்று யாரையும் சொல்லக் கூடாது என்கிற நம் வழக்கத்திலிருந்து வந்தது. நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் மருத்துவமனைக்கு வந்தவரிடம் மறுபடி வா என்பது குணமாகிப் போகிறவருக்கே சங்கடம். 'டேக் கேர்' என்றும் 'சேஃப் ஜர்னி' என்றும் இரண்டு அட்டை போட்டோம். பழைய பழக்கம் நாக்கில் வந்து நிற்கும், முதல் அறைக்கே அந்த அட்டைகள் பல தடவை திரும்பின.

அதைவிடக் கடினமாக இருந்தது 'ஐம் ஸோ ஸாரி.' அவர் சொல்லவே மறுத்தார்.

"ஸாரின்னா தப்பு பண்ணவங்க கேக்குறது. அவங்க வீட்டுல செத்ததுக்கு நான் இன்னா டீச்சர் தப்பு பண்ணேன்?"

நியாயமான கேள்வி. துக்கம் விசாரிக்கப் போனால் நாம் ஏதாவது சொல்கிறோமா? போய் உட்காருகிறோம், கையைப் பிடித்துக்கொள்கிறோம். 'எப்ப ஆச்சு' என்று கேட்போம், அதற்கு மேல் அவர்களே பேசுவார்கள். ஸாரி என்றால் முதலில் வருத்தம், மன்னிப்பு அதிலிருந்து கிளைத்தது என்று விளக்கினேன். ஒரு வாரம் அதை யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்போ அது 'எனக்கும் கஷ்டமா இருக்கு'ங்கற மாதிரி" என்று தானே தமிழ்ப் பக்கத்தை எழுதினார். அந்த அட்டை அதன் பிறகு ஒருமுறைகூடப் பின்னுக்குத் திரும்பவில்லை.

இன்னும் வராதது

போன். முகம் தெரியாமல், கையசைவு தெரியாமல் வரும் ஆங்கிலம் இன்னும் அவரைத் திணறடிக்கிறது. 'பிளீஸ் செண்ட் வாட்ஸ்அப் மெசேஜ்' என்று சொல்லி வைத்துவிடுகிறார். வந்த மெசேஜை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்துக்கொள்வார், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நீளமான விஷயத்துக்கு அது நன்றாக உதவுகிறது. எதிரே ஆள் நிற்கும்போது மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கலங்கி நிற்கிறவருக்கு முன்னால் நம் முகம் போனுக்குள் குனியக் கூடாது. எண்களும் தேதிகளும் வேகமாக வந்தால் இன்னும் தடுமாற்றம்தான், ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் குறிப்பாக. அதற்கு ஒரு காகிதத்தை நீட்டி எழுதச் சொல்கிறார்.

ஏழாவது மாதக் கடைசியில் ஒருநாள் நோட்டோடு வந்தார். முந்தின இரவு மாடியில் தங்கியிருந்த ஒரு பெண்ணின் கணவர் மருத்துவமனையில் இறந்துவிட்டார். அந்தப் பெண் தனியாகத்தான் வந்திருந்தார், ஊரிலிருந்து அண்ணன் விமானத்தில் வர மறுநாள் ஆகும். ரிசப்ஷனில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் விடியும்வரை அவரோடு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.

"என்ன பேசினீங்கம்மா?"

"ஐம் ஸோ ஸாரின்னேன். பிளீஸ் சிட்ன்னேன். டீ குடுத்தேன். அப்புறம் கையப் புடிச்சுக்கினேன். அவங்கதான் பேசினாங்க. முழுசா எழுத முடியல டீச்சர், அப்ப போய் நோட்ட எடுக்கவா முடியும்? காலைல ஞாபகம் இருந்தத எழுதினேன்."

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். அன்றைய தேதிக்குக் கீழே ஆறு வரிகள். 'ஹி வாஸ் ஒன்லி ஃபார்ட்டி டூ.' 'வி ஹேவ் டூ டாட்டர்ஸ்.' 'தே டோன்ட் நோ யெட்.' 'மை பிரதர் இஸ் ஆன் த வே.' 'வி வில் டேக் ஹிம் ஹோம்.' 'யூ ஹேவ் பீன் ஸோ கைண்ட்.'

ஒரு வரிக்குப் பக்கத்திலும் கேள்விக்குறி இல்லை.